மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆஸ்துமா: இருமல் நின்ற பிறகும் இன்ஹேலர் எதற்கு?

மூன்றரை வயது மகனுக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் வீசிங் வந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் இரண்டு முறை இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடி நெபுலைசர் வைத்திருக்கிறீர்கள். தினமும் இரண்டு வேளை ஸ்டீராய்டு இன்ஹேலர், மூச்சிரைக்கும்போது சல்பியூட்டமால் என்று மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார். மாஸ்க்கைக் கண்டாலே பிள்ளை அலறுகிறான், வீட்டில் பெரியவர்கள் “பழகிப்போகும், நிறுத்து” என்கிறார்கள். இருமல் நின்றதும் நீங்களும் நிறுத்திவிட்டீர்கள், மூன்றே வாரத்தில் திரும்பவும் வந்துவிட்டது. இது ஆஸ்துமாதானா, மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழந்தைகளின் மார்புநோய்ப் பிரிவில் பெற்றோருக்கு இன்ஹேலர் பழக்கித் தருவது என் வேலை. மருந்து சரியில்லை என்று வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, வீட்டில் எப்படிக் கொடுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்பதைத்தான். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும். மருந்து நெஞ்சுக்குள் போகவில்லை, அல்லது பிள்ளை நன்றாக இருக்கும் நாட்களில் கொடுக்கவில்லை. உங்கள் விஷயத்தில் இரண்டுமே நடந்திருப்பதுபோலத் தெரிகிறது. ஆகவே மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம். அளவு, வேளை எல்லாம் உங்கள் பிள்ளையை நேரில் பார்த்தவர் சொன்னதுதான் கணக்கு. நான் சொல்வது அதை வீட்டில் எப்படி நடத்துவது என்பதைப் பற்றி.

முதலில், இது ஆஸ்துமாதானா? இந்த வயதில் அடித்துச் சொல்வது கடினம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைப் பிள்ளைகள் ஒழுங்காகச் செய்வது ஐந்து, ஆறு வயதில்தான். சின்ன மூச்சுக்குழாய்கள் சாதாரணச் சளிக் கிருமிக்கே சுருங்கி விசிலடிக்கும். அமெரிக்காவின் டூசான் நகரில் 1980 முதல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1995-ல் வெளியானது. மூன்று வயதுக்குள் வீசிங் வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு ஆறு வயதில் வீசிங் இல்லை. உங்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் “வளர வளர போய்விடும்” என்று மருந்தைத் தூக்கிப் போட இதைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீதி 40 சதவீதத்தில் உங்கள் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாது. போகிறவரைக்கும் அவன் மூச்சுவிட்டாக வேண்டும், தூங்கியாக வேண்டும், ஓடி விளையாடியாக வேண்டும்.

மருத்துவர்கள் ஆஸ்துமா பக்கம் சாய்வதற்குச் சில அடையாளங்கள் உண்டு. சளி இல்லாத நாளிலும் ஓடினால், சிரித்தால், அழுதால் இருமல் வருவது. நடு இரவிலும் விடியற்காலையிலும் இருமி எழுவது. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ ஆஸ்துமா இருப்பது. பிள்ளைக்கே தோலில் கரப்பானோ மூக்கில் ஒவ்வாமையோ இருப்பது. தடுப்பு மருந்தை, அதாவது தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரை, இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகக் கொடுத்தால் அடங்குவதும், நிறுத்தினால் திரும்புவதும்கூட ஓர் அடையாளம்தான். உங்கள் பிள்ளைக்கு அந்தக் கடைசி அடையாளம் கொஞ்சம் தெரிகிறது. இதற்கு மாறாக, பிறந்த சில நாட்களிலிருந்தே மூச்சுச் சத்தம் இருந்தால், எடை ஏறாவிட்டால், ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் இருமி வாந்தி எடுத்தால், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரெனப் புரையேறி அன்றிலிருந்து இருமல் நிற்காவிட்டால், அது வேறு ஏதோ. குறிப்பாகக் கடைசியாகச் சொன்னது, மூச்சுக்குழாயில் ஏதாவது சிக்கியிருப்பதால் இருக்கலாம். அதற்கு இன்ஹேலர் வேலை செய்யாது, உடனே காட்ட வேண்டும்.

இரண்டு இன்ஹேலர்களையும் பற்றிய குழப்பம்தான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். மூச்சுக்குழாயில் இரண்டு கோளாறுகள் ஒருசேர நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் வீங்கிச் சளியைச் சுரக்கிறது. சல்பியூட்டமால் முதல் கோளாறை மட்டும் சரிசெய்யும். சில நிமிடங்களில் தசை தளரும், நாலு மணி நேரம்போலத் தாங்கும், பிறகு வேகம் போய்விடும். வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தைக் குறைப்பது பியூடசோனைடு, புளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்கள். இவை கொடுத்தவுடன் எந்த மாற்றமும் தெரியாது. ஒன்றிரண்டு வாரத்தில் பலன் தெரியத் தொடங்கும், முழுப்பலன் வர மாதங்கள்கூட ஆகும். இருமல் நிற்பது வீக்கம் வடிந்ததற்கு அடையாளம் ஆகாது. வெளியே ஒன்றும் தெரியாத பல வாரங்கள் உள்ளே வீக்கம் இருந்துகொண்டே இருக்கும், அடுத்த சளி வந்ததும் அதன்மேல் ஏறிக்கொள்ளும். நீங்கள் நிறுத்திய மூன்று வாரத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நிறத்தை வைத்து இன்ஹேலரை அடையாளம் வைத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். மருந்தின் பெயரைப் படித்து, மேலே பெரிய எழுத்தில் ‘தினமும்’ என்று ஒன்றிலும் ‘மூச்சிரைத்தால்’ என்று மற்றொன்றிலும் ஒட்டிவையுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பதற்றத்தில் கை தவறான டப்பாவை எடுத்துவிடும். பிள்ளை திணறும்போது தடுப்பு மருந்தை அடித்துக்கொண்டிருப்பது நேர விரயம்.

ஸ்டீராய்டு பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்துவதில்லை, பிள்ளைமேல் அக்கறை இருப்பதால்தான் அது வருகிறது. முதலில், இது பழகிப்போகும் மருந்து கிடையாது. நிறுத்தினால் நோய் திரும்புவது நோயின் குணம், மருந்துக்கு அடிமையானதால் வருவது இல்லை. அடுத்தது அளவு. கடும் இளைப்பு வரும்போது வாய்வழி கொடுக்கும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கில் போகும், உடல் முழுக்கப் பரவும். இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் கணக்கு, அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே நேராகப் போகிறது. இரண்டு மருந்துகளின் வீரியமும் ஒன்றில்லை என்பதால் எண்ணை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் தடுப்பு இன்ஹேலரைத் தவிர்த்து, அதன் விளைவாக வருடத்துக்கு மூன்று நான்கு முறை பிரட்னிசோலோன் குடிக்க வைப்பது ஸ்டீராய்டைக் குறைக்கும் வழி ஆகாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பியூடசோனைடில் வைத்துக் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், அவர்கள் பெரியவர்களான பிறகு அளந்து பார்த்ததை 2012-ல் வெளியிட்டார்கள். மருந்து எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவு. தொடக்க ஆண்டுகளில் விழுந்த அந்தச் சிறு குறை அப்படியே நின்றது, வருடா வருடம் கூடிக்கொண்டே போகவில்லை. இதனால்தான் பலன் தரும் மிகக் குறைந்த அளவில் வைத்திருக்கப் பார்க்கிறார்கள், இதனால்தான் ஒவ்வொரு முறையும் உயரம் அளக்கிறார்கள். உங்கள் மருத்துவர் அளக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அடக்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் குறைக்கும் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றபடி வாயில் வெள்ளை படிவது, குரல் கரகரப்பது போன்றவை வரலாம். மருந்துக்குப் பிறகு வாய் கொப்பளித்தால், அல்லது தண்ணீர் குடித்தால், மாஸ்க் பட்ட முகத்தைத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் வராது.

இப்போது கொடுக்கும் முறை. இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் பிளாஸ்டிக் குழல், இல்லாமல் சின்னப் பிள்ளையின் வாயில் நேராக இன்ஹேலரை அடிப்பதில் பயனில்லை. மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும். நாலு வயதுவரை மாஸ்க் வைத்த ஸ்பேசர். அதன்பின் வாயால் கவ்வி மூச்சிழுக்கத் தெரிந்தால் மாஸ்க்கைக் கழற்றிவிடலாம், அது இன்னும் நல்லது. பொடியை உறிஞ்சும் வகை இன்ஹேலர் இந்த வயதுக்கு ஆகாது, அதை இழுக்கும் வேகம் பிள்ளைக்கு வராது.

பிள்ளையை மடியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள், முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கட்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகுங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, கன்னத்தில் இடைவெளியில்லாமல் படிய வேண்டும். மூக்கின் மேல்முனையின் இரு பக்கமும்தான் வழக்கமாகச் சந்து விழும். பயிற்சியின்போது நான் என் விரலை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பேன், காற்று கசிந்தால் விரலுக்குத் தெரியும். சின்னச் சந்துகூட மருந்தைப் பெருமளவு வீணாக்கும். படிந்ததும் ஒரே ஒரு அழுத்து. பிறகு 5 முதல் 10 மூச்சு வரை மாஸ்க்கை எடுக்காதீர்கள். ஸ்பேசரின் வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைவதைப் பார்த்து எண்ணுங்கள். அது அசையவில்லை என்றால் மருந்து உள்ளே போகவில்லை. இரண்டாவது அழுத்து வேண்டுமானால் அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து. இரண்டு அழுத்துகளை ஒன்றாக அடித்துவிட்டு ஒரேயடியாக மூச்சிழுக்கச் சொல்வதை நிறையப் பேர் செய்கிறார்கள். நேரம் மிச்சம், மருந்து நஷ்டம்.

அழும்போது கொடுக்கலாமா? அழும்போது பிள்ளை ஆழமாக மூச்சிழுக்கிறது, மருந்து நன்றாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. அழுகை என்பது நீண்ட வெளிமூச்சும் வெடுக்கென்ற குறுகிய உள்மூச்சும்தான், மருந்து தொண்டையிலேயே மோதி நின்றுவிடும். தூங்கும்போது வைப்பதும் நல்ல யோசனைபோலத் தோன்றும். ஆனால் மாஸ்க் பட்டதும் பல பிள்ளைகள் விழித்து முகத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அடுத்த நாள் மாஸ்க்கின் மேல் சந்தேகமும் வெறுப்பும் கூடுகிறது.

ஆகவே தினசரி மருந்துக்கு, நன்றாக இருக்கும் நாட்களில் பயம் போகப் பழக்குங்கள். இரண்டு மூன்று நாள் இன்ஹேலர் இல்லாமல் வெறும் மாஸ்க்கை விளையாடக் கொடுங்கள். அவன் பொம்மைக்கு வைக்கட்டும், உங்களுக்கு வைக்கட்டும். பிறகு அவன் முகத்தில் அவன் கையாலேயே. மூச்சை எண்ணுவதற்குப் பதிலாக மெதுவாக ஒரு பாட்டின் இரண்டு வரியைப் பாடுங்கள், வரி முடிந்தால் மாஸ்க்கும் வந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். எப்போது முடியும் என்று தெரியாததுதான் அந்த வயதில் பெரிய பயம். காலை, இரவு பல் துலக்குவதற்குச் சற்று முன் வைத்துக்கொண்டால் வாய் கொப்பளிப்பதும் தானே நடந்துவிடும், வேளையும் மறக்காது. திணறும் நேரத்தில் மட்டும் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. அழுதாலும் அணைத்துப் பிடித்து, மாஸ்க்கை நன்றாகப் படிய வைத்துக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஸ்பேசரைத் துடைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் உட்சுவரில் நிலைமின்சாரம் ஏறி மருந்துத் துளிகளை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். புதிதாக வாங்கியதையும், பிறகு மாதம் ஒருமுறையும், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுத்து அப்படியே காற்றில் உலர விடுங்கள். முகத்தில் படும் மாஸ்க்கை மட்டும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்தோ தண்ணீரில் மிதக்கவிட்டோ கண்டுபிடிக்க முடியாது, மருந்து தீர்ந்த பிறகும் அதைத் தள்ளும் வாயு வந்துகொண்டிருக்கும். எண் காட்டும் மீட்டர் இல்லாவிட்டால், டப்பாவில் போட்டிருக்கும் மொத்த எண்ணிக்கையைத் தினசரி அழுத்துகளால் வகுத்து, முடியும் தேதியை அதன்மேலேயே எழுதிவிடுங்கள்.

நெபுலைசர் வீட்டுக்கு வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சாதாரண, நடுத்தர இளைப்புக்கு ஸ்பேசர் வழியாகச் சரியாகக் கொடுத்த சல்பியூட்டமால் நெபுலைசருக்குக் குறைந்ததில்லை. பிள்ளைகளை வைத்துச் செய்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஸ்பேசரில் கொடுத்தவர்களுக்கு நெஞ்சுப் படபடப்பு குறைவாக இருந்தது. வீட்டில் நெபுலைசர் இருந்தால் இன்னொரு ஆபத்து, அதை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதைத் தள்ளிப்போடுவோம்.

இளைப்பு வரும் நாளில் என்ன செய்வது என்பதை உங்கள் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எத்தனை அழுத்து, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, எந்த நிலையில் கிளம்புவது என்று. ஜினா எனப்படும் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வீட்டில் முதலில் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் வீதம் சல்பியூட்டமால் 2 அழுத்து, ஒவ்வொன்றாக, ஸ்பேசர் வழியாக என்கிறது. தேவைப்பட்டால் 20 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு முறை. முதல் இரண்டு மணி நேரத்தில் 6 அழுத்துக்கு மேல் தேவைப்பட்டால் உடனே ஆஸ்பத்திரி. 3 மணி நேரத்துக்கு ஒருமுறைக்கும் அதிகமாகத் தேவைப்பட்டாலும், 24 மணி நேரத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டே இருக்க நேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் தாளில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். தடுப்பு இன்ஹேலரை இந்த நாட்களில் நிறுத்தாதீர்கள்.

சத்தத்தைவிட நெஞ்சைப் பாருங்கள். சட்டையைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா இடுக்குகள், விலாவுக்குக் கீழே வயிற்றின் மேல்பகுதி, தொண்டைக்குழி உள்ளே இழுக்கிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா? ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள், அழாமல் அமைதியாக இருக்கும்போது. நிமிடத்துக்கு 40-க்கு மேல் போனால் கவலைக்குரியது. இரண்டு வார்த்தை சேர்ந்து பேச முடியாமல் போனாலும், குடிக்க முடியாமல் போனாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், தூங்கி வழிந்தாலும், குழம்பினாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் அவசர உதவியைக் கூப்பிடுங்கள். போகும் வழியிலும் சல்பியூட்டமாலைத் தொடர்ந்து கொடுங்கள். விசில் சத்தம் நின்றுபோய்ப் பிள்ளை சோர்ந்து கிடந்தால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காற்றே போகாவிட்டால் சத்தமும் வராது, அதுதான் எல்லாவற்றிலும் மோசமான நிலை. பெரியவர்களுக்கான, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி சின்ன விரலில் சரியாகப் பொருந்தாது. அது காட்டும் எண் நன்றாக இருக்கிறதே என்று நெஞ்சு இழுப்பதை ஒதுக்கிவிடாதீர்கள்.

இருமல் சிரப், தூக்கம் வரவைக்கும் சளி மருந்து, எஞ்சிய ஆன்டிபயாடிக் இவற்றால் இளைப்பு அடங்காது. சல்பியூட்டமால் சிரப்பும் மெதுவாகத்தான் வேலை செய்யும், கை நடுக்கத்தையும் படபடப்பையும் கூடுதலாகத் தரும். வாயால் சாப்பிடும் மான்டெலுகாஸ்ட் என்ற தடுப்பு மருந்து சிலருக்கு உதவுகிறது, மாஸ்க் பிரச்சினையும் இல்லை என்பதால் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் கெட்ட கனவு, எரிச்சல், நடத்தை மாற்றம் போன்ற மனநலப் பக்கவிளைவுகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் மருந்துக் குறிப்பில் போட வைத்தது. கொடுத்தால் பிள்ளையின் தூக்கத்தையும் குணத்தையும் கவனியுங்கள், மாற்றம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

தூண்டுதல்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இந்த வயதில் முதல் காரணம் சளிக் கிருமி, அதை முழுக்கத் தடுக்க முடியாது. ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி, கை கழுவும் பழக்கம், அவ்வளவுதான். உங்கள் கையில் முழுதாக இருப்பது புகை. வீட்டில் யாராவது புகைபிடித்தால், வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் உடையிலும் தலைமுடியிலும் அது உள்ளே வரும். விறகு, கொசுவர்த்தி எதன் புகையானாலும் அப்படியே. தூசிப்பூச்சி ஒவ்வாமை இருப்பது தெரிந்தால் படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். ஒவ்வாமை நிரூபிக்கப்படாமல் உணவை ஒவ்வொன்றாக நிறுத்தாதீர்கள், வளரும் பிள்ளை மெலிந்துபோகும். விளையாட்டையும் நிறுத்தாதீர்கள். ஓடினால் இருமுகிறான் என்றால் ஆஸ்துமா அடங்கவில்லை என்று பொருள், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

அடங்கியிருக்கிறதா என்று பார்க்கக் கடந்த நாலு வாரத்தைப் பற்றி நாலு கேள்விகள் போதும். வாரத்தில் ஒரு முறைக்கு மேல் பகலில் இருமல், இளைப்பு வந்ததா? மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் களைத்து உட்கார்ந்தானா? வாரத்தில் ஒரு முறைக்கு மேல் சல்பியூட்டமால் தேவைப்பட்டதா? ஒரு இரவாவது இருமி எழுந்தானா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் நன்றாக அடங்கியிருக்கிறது. மூன்று நான்குக்கு ஆம் என்றால் அடங்கவே இல்லை. தேதி போட்டு எழுதிவைத்து அடுத்த முறை கொண்டுபோங்கள், ஸ்பேசரையும் இரண்டு இன்ஹேலரையும் கூடவே எடுத்துப் போய் அவர் முன்னால் கொடுத்துக் காட்டுங்கள். சரியாகக் கொடுத்தும் மூன்று மாதத்தில் பலனில்லை என்றால், அப்போது மருந்தை மாற்றுவதையும் நோயே வேறா என்பதையும் பேசலாம். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்பவரிடமும் இன்னொரு ஸ்பேசர், சல்பியூட்டமால், அந்தத் தாளின் நகல் இருக்கட்டும்.

எத்தனை நாளைக்கு என்பதுதான் மீதி. மூன்று மாதம்போல நன்றாக அடங்கியிருந்தால் மருத்துவரே அளவைக் குறைக்கப் பார்ப்பார், அவர் மறந்தால் நீங்கள் கேட்கலாம். சளிக் காலம் தொடங்கும் நேரத்தில் குறைக்காமல், அது முடிந்த பிறகு குறைப்பது நல்லது. குறைத்தாலும் நிறுத்தினாலும் 3 முதல் 6 வாரத்துக்குள் ஒருமுறை காட்டுங்கள், அதுவரை அந்த நாலு கேள்விகளை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.